அராஜகீழ்ப்பாக்கம்

நான் ப்ளஸ் டூவ பாதியில வுட்டவன். ஸ்கூலு என்னிய வுட்டுச்சா, நான் ஸ்கூல வுட்டனான்னு எங்க வூட்ல இன்னும் பஞ்சாயத்து ஓடிகினுதான் கீது. இப்ப வண்டியில சாப்பாடு டெலிவரி. கீழ்க்கட்டளையில பிரியாணிய வாங்கி கோவிலம்பாக்கத்துல குடுக்கிறது, கோவிலம்பாக்கத்துல பரோட்டாவ வாங்கி கீழ்க்கட்டளையில குடுக்கிறது. அவனவன் அவனவன் ஊர்லயே துன்னா எனக்கு வேலை காலி. நல்லவேளை, துன்ன மாட்டானுங்க.

இப்படியாப்பட்ட நானு ஒரு தத்துவத்த பத்தி எழுதறேன்னா உனக்கு சிரிப்பு வரும். சிரிச்சுக்கோ. அந்த தத்துவத்தோட பேரு அராஜகம். பெரிய பெரிய புக்குல எல்லாம் கீதாம். நான் புக்கு படிக்கல. தோசை சுட்டேன்.

ராஜகீழ்ப்பாக்கம் ஜங்ஷன்ல, மெயின் ரோட்டுலேந்து ஒரு சந்து உள்ள திரும்பற மூலையில, ஒரு அக்கா காலைல நாஷ்டா வண்டி போடறாங்க. தோசை, இட்லி, ரெண்டு சட்னி. அக்காவுக்கு வூட்ல வேற ஆளு இல்ல. அந்த தோசைக்கல்லுதான் துணை, அந்த மூலைதான் சொத்து. பட்டா கெடையாது, பத்திரம் கெடையாது. தெனம் வந்து நிக்கிறாங்கல்ல, அதான் பத்திரம். நிக்காத நாள்ல வேற எவனாவது வந்து நின்னுட்டான்னா எடம் அவனுது. ரோட்டோர வண்டிங்களுக்கு அவ்ளோதான் சட்டம். அந்த மூலைமேல ஒரு வெள்ளைச் சட்டை அண்ணனுக்கு ரொம்ப நாளா கண்ணு. அவரு வண்டி தள்ள மாட்டாரு. அடுத்தவன தள்ளவெச்சு மாசாமாசம் காசு வாங்கிக்குவாரு.

அக்காகிட்ட நாங்க துன்றதுக்கு மட்டும் போறதில்ல. ஷேர் ஆட்டோ ஓட்டற அண்ணன் ஒருத்தரு கீறாரு, சுகருக்கு ஊசி போட்டுக்கறவரு. அவரு இன்சுலின், அக்கா மோர் பாக்கெட் வெச்சிருக்கற ஐஸ் டப்பாவுலதான் குந்தியிருக்கும். பக்கத்து லேடீஸ் ஹாஸ்டல்ல ஒரு பொண்ணு எம்.ஏ. படிக்குது. நான் அத்த எம்.ஏ.ன்னுதான் கூப்புடுவேன். அதுக்கு வர்ற பார்சல் எல்லாம் அக்காதான் வாங்கி வெப்பாங்க. எங்கள மாதிரி டெலிவரி பசங்க பாடு இன்னும் மோசம். இந்த ஊர்ல போன் சார்ஜ் போட எடம் கீது, ஒன்னுக்குப் போக எடமில்ல. சந்துல மொத வூடு அக்காவுது. கதவ தட்டவே வேணாம். "போயிட்டு தண்ணி ஊத்துடா நாயே"ன்னு ஒரு குரல் மட்டும் வரும்.

ஒரு மழைக்கு மறுநாள், சாயங்காலமா, கறிகா வாங்கிகினு வந்த அக்கா ஈரத்துல வழுக்கி வுழுந்துட்டாங்க. வலது மணிக்கட்டு. ஆட்டோ அண்ணன்தான் அள்ளிப்போட்டுகினு ஆஸ்பத்திரிக்குப் போனாரு. எலும்பு வுட்டுப்போச்சு, மாவுக்கட்டு போட்டு அனுப்பிட்டாங்க. தோசை ஊத்தற கைக்கே மாவுக்கட்டு! கையில மாவு கீது, ஆனா கல்லு மேல போவாது. இத்த நான் ஜோக்காதான் சொன்னேன். ஆட்டோ அண்ணன் மண்டையில ஒன்னு வெச்சாரு.

மறுநாள் காலையில நாஷ்டா நேரத்துக்கு நான் மூலையில வந்து நிக்கிறேன். வண்டி தார்பாய் மூடி கீது. முன்னாடி மாவு டிரம்மு. மாவு மில்லுக்காரருக்கு விஷயமே தெரியாது, வழக்கம்போல எறக்கி வெச்சுட்டு போயிட்டாரு. ஆட்டோ அண்ணன், நானு, எம்.ஏ., மூணு பேரும் டிரம்ம சுத்தி நின்னோம், பாடிய சுத்தி நிக்கிற மாதிரி.

"வெயில் ஏறுனா புளிச்சிடும்,"னாரு அண்ணன்.

"மில்லுக்கே திருப்பி குடுத்துடலாமா?"ன்னுச்சு எம்.ஏ.

"அரைச்ச மாவ எந்த மில்லுக்காரன் திருப்பி வாங்குவான்? அரிசியாவா ஆக்குவான்?"ன்னேன் நான்.

அண்ணன் பாக்கெட்லேந்து ஒரு தள்ளுவண்டி சாவிக்கொத்த எடுத்தாரு. அக்காவுது. ஆஸ்பத்திரிக்குப் போற அவசரத்துல ஆட்டோ சீட்லயே கெடந்திருக்கு. அத்த பாத்ததும் எங்க மூஞ்சில ஒரு திருட்டு முழி வந்துச்சு.

உண்மைய சொல்றேன். அந்த நேரத்துல தத்துவம், மனிதநேயம், ஒன்னும் இல்ல. மாவு புளிச்சிடும், அவ்ளோதான்.

நான்தான் கல்லுல நின்னேன். ஏன்னா அன்னிக்கு என் வண்டி சர்வீஸ்ல. மொத தோசை கல்லோட கல்லா ஒட்டிகிச்சு. ரெண்டாவது வந்துச்சு, ஆனா எந்த நாட்டு மேப்புன்னு தெரியல. எம்.ஏ. பாத்துட்டு, "அண்ணா, இது தோசை இல்ல, எல்லைப் பிரச்சனை"ன்னுச்சு. வழக்கமா வர்ற செக்யூரிட்டி அண்ணன் ஒருத்தரு அந்த மேப்பையே துன்னுட்டு, க்யூஆர் ஸ்டிக்கர ஸ்கேன் பண்ணாரு. அவருக்குப் பின்னாடி நின்னவங்களும் துன்னாங்க, ஸ்கேன் பண்ணாங்க. பணம் நேரா அக்கா பேங்க்குக்கு. எங்க கையில பைசா படல. அதனால கணக்கு பேஜாரும் இல்ல.

ஒரே ஒரு விஷயத்த மறந்துட்டோம். பணம் வந்தா கத்துமே, அந்த ஸ்பீக்கர் டப்பா, அது அக்கா ஹேண்ட்பேக்ல கீது. ஹேண்ட்பேக் அக்கா வூட்ல கீது.

அக்கா மாத்திர போட்டு தூங்கிகினு கீறாங்க. தலைமாட்டுல பையிக்குள்ளேந்து ஒரு பொம்பள குரலு, "பணம் பெறப்பட்டது." அக்கா முழிச்சுகினு அப்படியே கேட்டுகினு கீறாங்க. கொஞ்ச நேரத்துல மறுபடியும், "பணம் பெறப்பட்டது." ஆட்டோ அண்ணனுக்கு போன் வந்துச்சு.

"அண்ணா! பேயா, திருட்டான்னு தெரியல. கடை சாத்தி கீது, காசு வந்துகினே கீது!"

"பேய் இல்லம்மா. நாங்கதான். மாவு வந்துடுச்சு, ஊத்திட்டோம்."

"யாரு ஊத்தறது?"

"நம்ம டெலிவரி பையன்."

அக்கா அழுவாங்கன்னு பாத்தா, "ஐயோ என் கல்லு!"ன்னு ஒரு அலறல்.

அன்னிலேந்து ஆரம்பிச்சுது. யாரும் கூட்டம் போட்டு முடிவு பண்ணல. ஆட்டோ அண்ணன் மொத சவாரிக்கு முன்னாடி வந்து அடுப்ப பத்தவெச்சுட்டுப் போவாரு. ஹாஸ்டல் பொண்ணுங்க காலேஜ் போறதுக்குள்ள சட்னி. நானும் என் கூட ஓட்டற பசங்களும் ஆர்டர் இல்லாத நேரத்துல கல்லு. அக்கா வூட்ல குந்திகினு வீடியோ கால்ல திட்டிகினே இருப்பாங்க. "தீய கொறைடா! கரண்டிய சுத்துடா, மணிக்கட்ட சுத்தாத! எனக்கு ஆனது உனக்கும் ஆவணுமா?" ஒரு வாரம் போனதும் என் தோசை வட்டமா வந்துச்சு. அந்த தோசைய போட்டோ எடுத்து வெச்சிருக்கேன். என் பத்தாவது மார்க்‌ஷீட்டுக்குக்கூட அந்த மரியாதை குடுத்ததில்ல.

சண்டை இல்லாமலும் இல்ல. ஒருநாள் பாத்திரம் கழுவ ஒருத்தனும் வரல. நான் ஹாஸ்டல் பொண்ணுங்களப் பாத்தேன், எம்.ஏ. என்னப் பாத்துச்சு. "ஏன், பொண்ணுங்கன்னா பாத்திரமா?"ன்னு கேட்டுச்சு. நார எடுத்து தேச்சேன். அன்னிலேந்து எவன் கல்லுல நிக்கிறானோ அவனே பாத்திரமும்னு ஆச்சு. யாரும் அத்த சட்டமா போடல. எனக்கு வெக்கமாயிடுச்சு, மத்தவனுங்க அத்த பாத்துகினாங்க, அவ்ளோதான்.

வாட்ஸ்அப் குரூப்பும் நான்தான் ஆரம்பிச்சேன். ஆளுங்கள சேக்கும்போது எங்கயோ தப்பா அமுக்கி எல்லாரையும் அட்மின் ஆக்கிட்டேன். அட்மின் இல்லாத ஆளே அந்த குரூப்ல கெடையாது. ஒவ்வொருத்தனும் ஒவ்வொரு மணிக்கும் பேர மாத்துவான். தோசைப் படைன்னு ஒருத்தன், சட்னி கம்மின்னு ஒருத்தி. மாத்தி சரி பண்ணலாம்னு நான் போனா, ஆட்டோ அண்ணன், "வுடுடா, இதுவும் நல்லாதான் கீது"ன்னுட்டாரு.

அப்பதான் சார் வந்தாரு. சார்னா எங்க காலனி நலச்சங்கத்தோட செகரட்டரி. ரிடையர் ஆனவரு. காலையில வாக்கிங், வாக்கிங் முடிஞ்சா புகாரு. நல்ல மனுஷன்தான், ஆனா எத்த பாத்தாலும் அதுக்கு ஒரு தலைவர் வேணும் அவருக்கு.

"யாருப்பா இங்க இன்சார்ஜ்?"

"யாருமில்ல சார்,"ன்னேன்.

"யாருமில்லன்னா? ஒரு பொறுப்பாளர் வேணாமா? யாரு முடிவு பண்றது?"

"மாவு சார். அது பொங்குனா வரோம்."

சாருக்கு மூஞ்சி செவந்துடுச்சு. "தலைவர் கெடையாது, ஒரு முறை கெடையாது, வர்றவன் போறவன்லாம் கரண்டி பிடிக்கிறான்! என்னப்பா இது, அராஜகமா இருக்கு!"

சட்னி ஊத்திகினு இருந்த எம்.ஏ. தலைய தூக்கி, முகமெல்லாம் சிரிப்பா, "ஆமா சார், கரெக்ட். இது அராஜகம்தான்"ன்னுச்சு.

எனக்கு தூக்கிவாரிப் போட்டுச்சு. எங்க ஏரியாவுல அராஜகம்னா பாட்டில் ஒடைக்கிறது, பஸ்ஸு கண்ணாடிய ஒடைக்கிறது. நாங்க ஒடைச்சது தேங்கா மட்டும்தான். எம்.ஏ. புரியவெச்சுது: "ராஜகம்னா ராஜா ஆட்சி அண்ணா. முன்னாடி ஒரு 'அ' போட்டா, ராஜா இல்லாதது. அடிதடின்னு நாமளா அர்த்தம் பண்ணிக்கிட்டோம். மேல ஒருத்தன் நின்னு மெரட்டாம ஜனங்களே ஒருத்தர ஒருத்தர் பாத்துக்க முடியும்ங்கறதுதான் அந்தத் தத்துவம். அதுல நடு விஷயமே பரஸ்பர உதவி."

"பரஸ்பரமா? அது சீட்டு கம்பெனி பேருல்ல?"

"அண்ணா!"

"சரி சரி, சொல்லு."

"ஒன்ன ஒன்னு அடிச்சுத் தின்னாதான் பொழைக்க முடியும்னு சில பேர் சொன்னாங்க. இல்ல, மிருகத்துலேந்து மனுஷன் வரைக்கும் ஒன்னுக்கு ஒன்னு கை குடுத்ததாலதான் பொழைச்சுதுன்னு இந்தத் தத்துவக்காரங்க சொன்னாங்க. அது தர்மம் இல்ல, கடனும் இல்ல. இன்னிக்கு உனக்கு, நாளைக்கு யாருக்கோ."

அது சொன்னதும் எனக்கு டக்குனு புரிஞ்சுது. "ஏய் எம்.ஏ., இத்தயா இவ்ளோ சுத்தி சொல்ற? வேளச்சேரி ரோட்ல பெட்ரோல் தீந்து வண்டிய தள்ளிகினு போறேன்னு வெச்சுக்கோ. பின்னாடி எவனோ வருவான். 'பங்க் வரைக்குமா தலைவா?'ன்னு கேப்பான். தன் வண்டியில குந்திகினே ஒரு கால நீட்டி என் ஃபுட்ரெஸ்ட்ல வெச்சு தள்ளிகினே வருவான். பங்க் வந்ததும் கால எடுத்துகினு போயிகினே இருப்பான். மூஞ்சியக்கூட பாத்திருக்க மாட்டேன். அவனுக்கு நான் திருப்பி செய்யவே முடியாது. அடுத்த வாரம் நான் வேற எவனையோ தள்ளுவேன். அதான?"

"அதேதான் அண்ணா. இதை பக்கம் பக்கமா எழுதியிருக்காங்க."

"பெட்ரோல் தீந்தவன் எழுதியிருந்தா சுருக்கா முடிஞ்சிருக்கும்."

சாரு இத்தையெல்லாம் கேட்டுகினு நின்னாரு. ஒத்துக்கல. "ஊரே ராஜகீழ்ப்பாக்கம், ராஜா பேரு இருக்கிற ஊருப்பா"ன்னாரு. நான் உடனே போன எடுத்து குரூப்பு பேர "அராஜகீழ்ப்பாக்கம்"னு மாத்தினேன். அன்னிலேந்து அத்த மட்டும் எவனும் மாத்தல.

சாரு கோவிச்சுகினு போயிருப்பாரு. ஆனா எம்.ஏ. காலேஜுக்கு லேட்டாச்சுன்னு, "சார், ஒரு ரெண்டு நிமிஷம் பிடிங்களேன்"னு சட்னி கரண்டிய அவரு கையில குடுத்துட்டு ஓடிடுச்சு. முன்னாடி ஆளுங்க தட்ட நீட்டறாங்க. மனுஷன் இன்னா பண்ணுவாரு? ஊத்தினாரு. மறுநாளும் வந்தாரு. "தேங்கா சட்னி தண்ணியா இருக்குன்னு நேத்து ரெண்டு பேர் சொன்னாங்க, சும்மா பாக்கலாம்னு வந்தேன்"னாரு. கேட்டுக்கோ, சும்மாவாம்.

ஆனா சாருக்கு ஒரு ஆசை வுடல. சங்கத்துல விழா வெச்சு, அக்காவ மேடையில ஏத்தி, அரிசி மூட்டை, புடவை எல்லாம் குடுத்து போட்டோ எடுக்கணும். அக்கா வூட்டுக்கே போயி கேட்டாரு. நானும் கூட போனேன், பாத்ரூம் சாக்குல.

"ஃப்ளெக்ஸ்ல உங்க போட்டோ பெருசா போடலாம்மா."

"வேணாம் சார். ஜங்ஷன்ல என் போட்டோவ ஃப்ளெக்ஸ்ல பாத்தா, ஜனங்க மாலையோட வந்துடுவாங்க."

சாரே சிரிச்சுட்டாரு. அக்கா சிரிக்கல. "சார், தப்பா நெனைக்காதீங்க. மேடையில ஏறி வாங்கினா, அப்புறம் உங்கள பாக்கறப்பல்லாம் நான் கும்புடணும். இந்த நாய்ங்களப் பாருங்க, என் கல்லுல நின்னுகினு என்னையே கலாய்க்குதுங்க. இவனுங்கள நான் திட்டலாம். எனக்கு அது போதும்."

அக்கா சொன்னத நான் இப்படித்தான் எடுத்துகினேன்: தர்மத்துல குடுக்கறவன் கை மேல, வாங்கறவன் கை கீழ. எங்க மூலையில எல்லா கையும் ஒரே மட்டம், ஏன்னா எல்லா கையிலயும் மாவு.

மாவுக்கட்டு பிரிக்கிறதுக்கு இன்னும் கொஞ்ச நாள் இருக்கறப்ப, வெள்ளைச் சட்டை அண்ணன் வந்தாரு. பின்னாடியே ஒரு லோடு ஆட்டோ. அதுமேல புத்தம்புது கரும்பு ஜூஸ் வண்டி, பிளாஸ்டிக் கவர்கூட பிரிக்கல. கூட ஒரு ஒல்லிப் பையன், என் வயசு இருக்கும், மெஷின தொட்டுகினே நின்னான். காலைல நல்ல கூட்ட நேரம்.

"அந்தம்மா வர்றதில்லயாமே. எடம் காலியா கீது. வண்டிய எடுங்க,"ன்னாரு வெள்ளைச் சட்டை.

காலியா? கல்லுமேல தோசை கீது, வண்டிய சுத்தி கும்பல் கீது. ஆனா அவரு சொன்னதுல ஒரு பாயின்ட் கீது. கடைக்காரி இல்ல. எங்க ஒருத்தன் பேருலயும் அந்த மூலை இல்ல. நாங்க அன்னிக்கு வண்டிய ஒரு அடி நவுத்தியிருந்தா, அக்காவோட அத்தினி வருஷமும் லோடு ஆட்டோவுல ஏறி போயிருக்கும். நான் வண்டிய ஒரு கையால கெட்டியா புடிச்சுகினேன்.

"இங்க யாரு பொறுப்பு? அவன மட்டும் வரச்சொல்லு, பேசிக்கறேன்." அவரு பேசிக்கறேன்னா, ஒன்னு காசு குடுப்பாரு, இல்ல சட்டைய புடிப்பாரு. ஒருத்தன் கெடச்சா போதும் அவருக்கு.

"நான்தான்,"னாரு ஆட்டோ அண்ணன்.

"நான்தான்,"னு எம்.ஏ. முன்னாடி வந்துச்சு.

நான் வண்டிய வுடாமலே சொன்னேன். "ண்ணா, அவங்க சும்மா சொல்றாங்க. நான்தான்."

செக்யூரிட்டி அண்ணன் வாயில தோசையோட கைய தூக்கினாரு. இட்லி பார்சலுக்கு நின்ன டீச்சரம்மா ஒருத்தங்க, அவங்கள நாங்க யாரும் பாத்ததுகூட இல்ல, அவங்களும், "நான்தாங்க, என்ன வேணும்?"னாங்க. வெள்ளைச் சட்டை எந்தப் பக்கம் திரும்பறதுன்னு தெரியாம கழுத்த ஆட்டிகினே இருந்தாரு, டேபிள் ஃபேன் மாதிரி. கடைசியில சார பாத்துட்டாரு. மூஞ்சில ஒரு நிம்மதி.

"சார், நீங்க படிச்சவரு, சங்கத்து செகரட்டரி. நீங்க சொல்லுங்க, இவங்களுக்கு யாரு தலைவரு?"

சாரு கண்ணாடிய ஏத்திவிட்டாரு. ஒரு கையில சட்னி கரண்டி. வேட்டியில சட்னி. நிதானமா சொன்னாரு: "தலைவர்லாம் கெடையாதுப்பா. இது அராஜகம்."

விசில் பறந்துச்சு பாரு! ஹாஸ்டல் மாடியிலேந்தெல்லாம் விசில். நான் சார கட்டிப்புடிச்சு தூக்கிட்டேன். அவரு, "டேய், சட்னி, சட்னி"ன்னு கத்தறாரு.

அந்த ரகளையிலதான் அக்கா வந்து நின்னாங்க. மாவுக்கட்டு கையோட, நைட்டிமேல துண்டு போட்டுகினு, மூச்சு வாங்கிகினு. கூட்ட நேரத்துல டப்பா சத்தமே போடலயாம். எந்நேரமும் கத்திகினு இருந்த டப்பா கம்முனு ஆனதும், கடைக்கு ஏதோ ஆச்சுன்னு ஓடிவந்துட்டாங்க. லோடு ஆட்டோவ பாத்தாங்க. வெள்ளைச் சட்டைய பாத்தாங்க. எல்லாம் புரிஞ்சுடுச்சு.

"காலியா கீதுன்னு யாரு சொன்னது? இத்தினி பேர் நிக்கிறது உன் கண்ணுக்குத் தெரியல?"

வெள்ளைச் சட்டை சுத்திப் பாத்தாரு. ஒவ்வொருத்தன் கையிலயும் போனு, எல்லாம் அவரையே பாத்துகினு கீது. "அப்புறம் பேசிக்கலாம்"னு பைக்க எடுத்தாரு. லோடு ஆட்டோவ திரும்பிக்கூட பாக்கல. அந்த ஒல்லிப் பையன் நடுரோட்ல தனியா நின்னான். மெஷினுக்கு அவன்தான் கடன் வாங்கியிருக்கான். எடம் தரேன்னு சொன்னவரு போயிட்டாரு. எங்களுக்கு கெலிச்ச குஷி. எவனோ அவனப் பாத்து "போடா போடா"ன்னு கத்தினான்.

அக்கா அந்தக் கத்தினவன ஒரு பார்வ பாத்தாங்க, அவன் அடங்கிட்டான். அப்புறம் பையன்கிட்ட, "துன்னியாடா?"ன்னாங்க. அவன் இல்லன்னு தலைய ஆட்டினான். "மொதல்ல துன்னு. கரும்பு ஜூஸ் காலங்காத்தால எவன் குடிப்பான்? வெயில் ஏறினா நான் வண்டிய கட்டிடுவேன். மத்தியானத்துலேந்து நீ இங்க போட்டுக்கோ. எவனுக்கும் மாசக்காசு குடுக்காத. யாராவது கேட்டா, நான்தான்னு சொல்லு."

எம்.ஏ. என்னப் பாத்துச்சு. நான் அத்த கலாய்க்கல. என் கண்ணுல தண்ணி, வெங்காயம் நறுக்கினதாலதான். வெள்ளைச் சட்டை அக்காவோட மூலைய புடுங்க வந்தாரு. அக்கா அந்த மூலைய ரெண்டு பேருக்கு ஆக்கிட்டாங்க. இனிமே நாள் பூரா அந்த மூலை காலியாவே இருக்காது. வெள்ளைச் சட்டை எப்ப வந்தாலும் எவனாவது நின்னுகினுதான் இருப்பான். புக்குல இப்படி ஒரு ஐடியா கீதான்னு எம்.ஏ.வ கேட்டேன். தேடிப் பாக்கறேன்னுச்சு.

லோடு ஆட்டோவுலேந்து மெஷின எறக்க எல்லாரும் கை குடுத்தோம். மத்தியானம் அவன் மொத கரும்ப வுட்டான். எங்க எல்லாருக்கும் ஆளுக்கொரு கிளாஸ். குடிச்சேன். எலுமிச்சம்பழம் தூக்கலா, மூஞ்சி கோணற அளவுக்கு. மூஞ்சிய கோணிகினே சொன்னேன், "மச்சான், இது ஜூஸா, பாத்ரூம் கழுவறதா?"

"பெரிய இவன் மாதிரி பேசற. நாளைக்கு நீ வந்து புழி, பாக்கலாம்,"னான்.

போனேன்.